கரையேறி வந்த அடைமொழி

இன்னாசியார்துறையில் அடைமொழிகள் ஆட்களுக்கு முன்னாலிருந்து இறங்கி அவர்கள் பின்னால் நடக்கத் தொடங்கிய அந்த ஆடி மாதத்தில், சலேத்மேரி தெருவில் போகும்போது திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வந்தால் எது வரும் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அது வருகிறதா இல்லையா என்று பார்க்கத்தான் ஊர் அவள் முதுகிலேயே கண்ணாக இருந்தது.

அந்த ஊரில் ஆண்பிள்ளை பிறந்தால் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஸ்பெயின் தேசத்தில் பிறந்த புனித இன்னாசியார் கோயில் பீடத்தில் நின்றபடி கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார், தன் பெயரை வைக்காத பிள்ளையை அவர் கடலில் கவனிக்க மாட்டார் என்று ஒரு பயம், ஆகவே வீட்டுக்கொரு இன்னாசி, சில வீடுகளில் அப்பனும் இன்னாசி மகனும் இன்னாசி, கரையில் நின்று இன்னாசி என்று ஒரு சத்தம் கொடுத்தால் பாதிக் கடற்கரை திரும்பிப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு இன்னாசிக்கும் முன்னால் ஊர் ஒரு அடைமொழியை வைத்தது. நெட்டை இன்னாசி, செவிட்டு இன்னாசி, வள்ளங்களும் வலைக்கொட்டிலும் சொந்தமாக வைத்திருந்த சம்மாட்டி பெரிய இன்னாசி. ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர் பின்னால் நிற்கும், ஊர் வாயில் கிடைத்தது முன்னால் நிற்கும், முன்னால் நிற்பதைத் தாண்டிப் பின்னால் நிற்கும் ஆளைப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. செத்தால் மட்டும் அது கழன்றுவிடும். கல்லறைத் திருநாளில் ஒவ்வொரு குடும்பமும் தன் செத்தவரின் ஞானஸ்நானப் பெயரை மட்டும் உரக்கச் சொல்லி மெழுகுதிரி ஏற்றுவது அங்கே வழக்கம், ஆண்டவருக்கு நெட்டை யார் குட்டை யார் என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பார்கள்.

சலேத்மேரியின் புருசன் கள்ள இன்னாசி. பெண்பார்க்க வந்த அன்றே தரகர் சொல்லிவிட்டார், பையன் தங்கம், பேர்தான் கொஞ்சம் அப்படி, அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று. அவள் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் தானும் நினைத்தாள். ஆனால் அவன் கடலிலிருந்து வந்து குளிக்கப் போனதும் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தாள், வேறு வீட்டு வாசனை ஏதும் இருக்கிறதா என்று. அவன் கொண்டுவந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யார் வலையிலிருந்து எடுத்ததோ என்று. அவன் சும்மா சிரித்தால்கூட எதை மறைக்கச் சிரிக்கிறான் என்று யோசித்தாள். அவன் ஒரு நாளும் பதிலுக்குக் கோபப்பட்டதில்லை, அதுவே அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அவனுக்கு அந்த அடைமொழி எப்படி வந்தது என்பது ஊரறிந்த கதை. அவள் பாவாடை தாவணி போட்டுத் திரிந்த காலத்தில் திருவிழாச் சப்பரத்துக்குப் புதிதாக ஒரு வடம் வாங்கினார்கள், கல்யாணமாகாத பெண்கள் ஆளுக்கொரு துண்டு தாவணியைக் கிழித்து நேர்ச்சையாக அதில் முடிந்து வைத்தார்கள், சப்பரம் கிளம்புவதற்கு முந்தின நாள் வடத்தைக் காணோம். ஊர்க்கூட்டத்தில் கோயில் மணியடிக்கும் கிழவர் எழுந்து, இன்னாசி தூக்கிக்கொண்டு போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். எந்த இன்னாசி என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஊர்க் கண்கள் பெரிய இன்னாசியைத் தொட்டுவிட்டு மரியாதையாக நகர்ந்தன, நெட்டையைத் தாண்டின, செவிட்டைத் தாண்டின, கடைசியில் அதுவரை எந்த அடைமொழியும் வைக்கப்படாமல் இன்னாசி என்று மட்டும் இருந்த ஒரு வாலிபன் மேல் வந்து நின்றன. பயம் வந்தால் சிரிப்பது அவன் வழக்கம், அவன் சிரித்தான். போதாதா? சும்மா கிடந்த இடத்தில் அது போய் ஒட்டிக்கொண்டது.

பிறகு அவன் பெரிய இன்னாசியின் வள்ளத்தில்தான் வேலை செய்தான், கள்ளனுக்கும் சோறு போடுகிற மனசு என்று சம்மாட்டியை ஊர் மெச்சியது. போன ஐப்பசியில், காற்று சரியில்லை என்று ஒருவரும் கடலுக்குப் போகாத ஒரு விடிகாலையில், வள்ளத்தையும் காணோம், அவனையும் காணோம். எஞ்சினோடு கேரளாவுக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு எவளோடோ குடித்தனம் நடத்துகிறான் என்று முதலில் சொன்னது பெரிய இன்னாசி. இரண்டாவதாகச் சொன்னது, வாய் திறந்து சொல்லாவிட்டாலும், சலேத்மேரியின் மனசு.

இப்படி இருக்கும்போதுதான் சிஸ்டர் அமலோற்பவம் ஊருக்கு வந்தார். இந்தக் கரையில் பிறந்து, சிறு வயதிலேயே மடத்தில் சேர்ந்து, தென்னமெரிக்காவில் மலைக்காடுகளில் தொண்டு செய்து தலை நரைத்துத் திரும்பியவர். ஸ்பெயின்காரர்களின் மீன்பிடிக் கப்பல்களுக்கு வேலைக்குப் போக ஆசைப்பட்ட வாலிபர்களுக்காக ஏலக்கொட்டகையில் ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள், கூடையோடு வந்த பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள். நாம் வெள்ளை வீடு என்கிறோம், அவர்கள் வீட்டை முதலில் சொல்லி வெள்ளையைப் பின்னால் சொல்வார்கள், காஸா பிளாங்கா. பொருள் முன்னால் போகும், அதன் குணம் பின்னால் போகும், போவது மட்டுமில்லை, அதற்கு ஏற்றாற்போல மாறிக்கொள்ளும், முன்னால் இருப்பது பெண்ணென்றால் இதுவும் பெண், அது பலவென்றால் இதுவும் பல, ஆண்பாலான வெள்ளை வள்ளம் பார்கோ பிளாங்கோ, பல வெள்ளை வீடுகள் காஸாஸ் பிளாங்காஸ். கொட்டகை முழுக்க இதைத் திரும்பத் திரும்பப் பாடமாகச் சொன்னது, அலைச் சத்தத்துக்கு ஏற்றபடி இழுத்து இழுத்துச் சொன்னது, பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொன்னார்கள். மறுநாள் விடிந்தபோது அடைமொழிகள் இறங்கியிருந்தன.

முழங்கால் உயரத்துக்கு, ஈர மணல் நிறத்தில், முகமில்லாமல் இருந்தன. பெயர் எழுதி ஒட்டாமலே எது எதுவென்று பார்த்தவுடன் தெரிந்தது. நெட்டை இன்னாசியின் பின்னால் நெட்டை நடந்தது. செவிட்டு இன்னாசியின் பின்னால் வந்தது நாய் குரைத்தாலும் திரும்பவில்லை. அவன் மனைவி செசிலி மீன் விற்கக் கிளம்பியபோது அது இரண்டாகி, ஒன்று அவளோடு இடுப்பை அசைத்து நடந்துபோனது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஓடியபோது பின்னாலேயே குட்டியாக ஓடியது. துபாயில் இருப்பவனின் மனைவிக்குப் பின்னாலும் அவனுடைய அடைமொழி தவறாமல் வந்தது. புருசனைப் பறிகொடுத்தவர்கள் பின்னால் மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஊர் இதற்கெல்லாம் மலைத்துப்போய் உட்கார்ந்துவிடவில்லை, கடலுக்குப் போக வேண்டுமே. பங்குச்சாமியார், இது வேதத்தில் இல்லை, ஆனால் வேதத்துக்கு விரோதமும் இல்லை, பூசை நேரத்தில் மட்டும் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வாருங்கள் என்றார், அவை கோயில் வாசலில் செருப்புகளின் நடுவே படுத்துக் கிடந்தன. டவுன் பஸ் கண்டக்டர் அவற்றுக்கு டிக்கெட் கேட்டு ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டு விட்டுவிட்டார். உண்மையான தொல்லை வேறு. முகத்துக்கு நேரே சொல்லப்படாமல் முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்லப்பட்டு வந்தவையும் சேர்ந்தே இறங்கியிருந்தன. கொடைவள்ளல் என்று தன்னை நினைத்திருந்த கோயில் உபதேசியார் தன் பின்னால் கஞ்சம் வருவதைப் பார்த்துக் காய்ச்சலில் படுத்தார். கூடப்பிறந்தவர்களைப் போல ஒரே அடுப்பில் சமைத்த ஓரகத்திகள், இதை எனக்கு வைத்தது நீதானே என்று அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். யார் யாருக்கு எதை வைத்தார்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள், சிரித்துப் பேசினவன் மேல் அதிகமாகச் சந்தேகப்பட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அடைமொழி பின்னால் போய்விட்டதால் முன்னால் ஆள் தெரிந்தான். பெரிய இன்னாசி உண்மையில் குள்ளம், காதில் மயிர் அடர்ந்தவர், பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காதவர் என்பதை ஊர் அந்த ஆடியில்தான் கவனித்தது. அவர் பின்னால் பெரிய என்பது மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

சலேத்மேரியின் பின்னால் எதுவும் வரவில்லை. வந்தால் அவன் உயிரோடு இருக்கிறான், கள்ளனாக இருக்கிறான், எங்கோ இன்னொருத்தி வீட்டில் சோறு தின்கிறான். வராவிட்டால் அவன் செத்துவிட்டான். எது வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலைப் பெருக்கும்போது வீட்டைப் பார்த்தபடி பின்வாங்கிக்கொண்டே பெருக்கினாள், முதுகில் எதுவும் முட்டவில்லை என்றால் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்கும், அடுத்த நிமிஷம் அந்த நிம்மதிக்காகத் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றும். செசிலி ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இத்தனை நாளாக வரவில்லை என்றால் அவன் இல்லை போலிருக்கிறது, அழுதுவிடு என்றாள். பெரிய இன்னாசியோ, அவன் பெரிய கள்ளனல்லவா, அதையும் கூடவே கட்டிவைத்திருப்பான், பொறுத்திருந்து பாருங்கள் என்று கரையில் சொல்லித் திரிந்தார். அவள் இரண்டு பேரையும் நம்பவில்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் அது கடலிலிருந்து ஏறி வந்தது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் பார்த்தார்கள். யார் பின்னாலும் வரவில்லை, தனியாக வந்தது, மேலெல்லாம் பாசி படிந்திருந்தது, இடது தோளைச் சாய்த்து இடது தோளைச் சாய்த்து அவனைப் போலவே நடந்து வந்தது, கருவாடு காயப்போட்டிருந்த பெண்கள் விலகி வழிவிட, சலேத்மேரியின் வாசலில் வந்து நின்றது.

ஊரே கூடிவிட்டது. ஆளில்லாமல் அடைமொழி மட்டும் வருமா என்று சிஸ்டரைக் கூட்டிவந்து கேட்டார்கள். அந்தப் பாஷையில் அப்படியும் உண்டு என்றார் அவர், யாரைச் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் ஆளை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்வார்கள், அப்போதும் அது அந்த ஆளின் சாயலில்தான் நிற்கும், ஆனால் ஆள் இருக்கிறானா செத்தானா என்பது பாடத்தில் இல்லை. பெரிய இன்னாசி சிரித்தார். இதைக் கழற்றிக் கடலில் வீசிவிட்டுப் போன இடத்தில் யோக்கியனாகத் திரிகிறான், இது வழி தேடி வந்திருக்கிறது, இதற்கு எதற்குப் பாடம் என்றார். கூட்டம் தலையாட்டியது. அவர் பேசி முடிக்கும்வரை அது அவரைப் பார்த்தபடியே நின்றதைச் சலேத்மேரி கவனித்தாள், முகமில்லாதது பார்ப்பதாக எப்படித் தோன்றும் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

அவள் அதை உள்ளே விடவில்லை. வாசலில் கிடந்தது, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, எத்தனை வெயிலிலும் காயவில்லை. ஒரு நாள் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் குனிந்து அதை முகர்ந்தாள், சட்டையை முகர்ந்தது போலவே, வேறு வீட்டு வாசனை, வேறு எண்ணெய், வேறு பெண்ணின் பவுடர். கடல் வாசனை மட்டும்தான் இருந்தது, அதுவும் மேல்கடலின் வாசனை இல்லை, நங்கூரத்தை இழுக்கும்போது வருமே, அந்த அடிச்சேற்று வாசனை. அவள் அப்போதும் நம்பவில்லை. அவன் சொல்லி அனுப்பிய தந்திரமாக இருக்கலாம் என்று நினைத்தாள், இவ்வளவு தூரம் நினைக்கிறவளை அவன் எப்படிச் சகித்தான் என்றும் கூடவே நினைத்தாள்.

அது நாள்தோறும் மத்தியானத்தில் எழுந்து எங்கோ போய்விட்டு வந்தது. போகிற இடம் பெரிய இன்னாசியின் வலைக்கொட்டில் என்று செசிலி வந்து சொன்னாள், சம்மாட்டி அதைச் சிப்பி ஓட்டால் எறிந்து விரட்டுகிறார், அது மறுபடி மறுபடி போகிறது என்றாள். கள்ளன் புத்தி மாறுமா, இன்னும் எதையோ எடுக்கத்தான் போகிறது என்று ஊர் பேசியது. சலேத்மேரிக்கும் அதே சந்தேகம்தான், அதனால்தான் ஒரு நாள் அதன் பின்னாலேயே போனாள். ஊரில் எல்லா அடைமொழிகளும் ஆட்கள் பின்னால் போக, இங்கே ஓர் ஆள் அடைமொழியின் பின்னால் போகிறாள் என்று வழியில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கொட்டிலில் சம்மாட்டி இல்லை. அது பழைய வலைக்குவியல்களைத் தாண்டி மூலைக்குப் போய், சுருட்டி வைத்திருந்த ஒரு கனத்த வடத்தின் மேல் ஏறி, தன் சொந்தப் பாயில் படுப்பது போலப் படுத்துக்கொண்டது. நங்கூரத்துக்குப் போட்டுப் பாதி தேய்ந்துபோன வடம். மீதிப் பாதியில், தாரும் உப்பும் ஏறிக் கறுத்த முடிச்சுகள் வரிசையாக இருந்தன. ஒரு முடிச்சை நகத்தால் சுரண்டினாள், உள்ளே கிளிப்பச்சை இருந்தது. அந்தத் தாவணியை அவள் அம்மா அவளுக்காகத் தூத்துக்குடியிலிருந்து வாங்கிவந்தாள், அதைக் கிழித்ததற்கு அடி வாங்கியதுகூட அவளுக்கு நினைவிருந்தது. நல்ல புருசன் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவள்தான் அதை முடிந்தாள்.

வடத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கள்ளன் அவனில்லை என்றால், இத்தனை வருஷமும் அவள் யாருடைய சட்டையை முகர்ந்தாள், யாருடைய மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யார் சிரித்ததற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்? ஒரு நாளாவது அவனிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கேட்காமலே எல்லாம் தெரியும் என்றிருந்தாள், அந்த ஊர்க்கூட்டத்தைப் போலவே.

அன்று அது திரும்பி வந்தபோது கதவைத் திறந்து வைத்திருந்தாள். அது உள்ளே வந்து, அவன் சட்டை மாட்டும் ஆணிக்குக் கீழே படுத்துக்கொண்டது. அவள் ஊரில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், புருசனைக் காப்பாற்ற அவளே தாவணித் துண்டைக் கொண்டுபோய் அந்த வடத்தில் முடிந்தாள் என்பார்கள், அவர்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதா, அவளும் அவர்களில் ஒருத்திதானே.

கல்லறைத் திருநாள் வந்தது. மத்தியானப் பூசை முடிந்து ஊரே கல்லறைத் தோட்டத்தில் நின்றது, அடைமொழிகளைக் கேட்டுக்கு வெளியே விட்டிருந்தார்கள், ஒவ்வொரு குடும்பமாகப் பெயரைச் சொல்லி மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தது. சலேத்மேரி மெழுகுதிரியோடு வந்து, கடலில் போனவர்களுக்காக நட்டிருந்த சிலுவையடியில் நின்றாள். பெரிய இன்னாசி குறுக்கே வந்தார்.

"ஓடிப்போனவனுக்கு மெழுகுதிரியா? ஏட்டி, உயிரோட இருக்கவன் பேர இங்க சொன்னா அது பாவம்."

"ஓடிப்போனாருன்னு நீங்க சொன்னீய, நானும் நம்புனேன் சம்மாட்டி மாமா. அதுதான் பாவம்" என்றாள் அவள். "நான் சொல்லுதேன். ஆண்டவரு கேட்டுக்கிடட்டும்."

பிறகு, தரகர் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அப்படிச் சொல்லியிராத அந்தப் பெயரை, முன்னால் ஒன்றும் இல்லாமல் பின்னால் ஒன்றும் இல்லாமல், சத்தமாகச் சொன்னாள்.

"இன்னாசி."

தங்கள் தங்கள் இன்னாசியை நினைத்துப் பெண்கள் பல பக்கங்களில் விசும்பினார்கள். அப்போது கேட்டுக்கு வெளியே கிடந்தவற்றில் ஒன்று எழுந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட, இடது தோளைச் சாய்த்தபடி, கல்லறைகளுக்கு நடுவே வந்தது, சலேத்மேரியின் பக்கத்தில் வந்து சற்று நின்றது, அவளைக் கடந்து போய்ப் பெரிய இன்னாசியின் பின்னால் நின்றுகொண்டது. அவர் ஓரடி தள்ளி நின்றார், அதுவும் ஓரடி தள்ளி நின்றது. அவர் வேகமாகக் கேட்டைப் பார்த்து நடந்தார். அது பின்னாலேயே போனது, போகப் போக அதன் தோள் நிமிர்ந்தது, கால் குட்டையானது, அவரைப் போலவே பாதத்தை அகட்டி அகட்டி நடந்தது, சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது.

இந்த முறை ஊர்க் கண்கள் நகரவில்லை, அவர் மேலேயே நின்றன. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"காத்து சரியில்ல மொதலாளின்னு அவன் சொன்னான். கடல்ல வல கெடக்கு, போய் எடுத்துட்டு வாலேன்னு நாந்தான் அனுப்புனேன். சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே போனான்."

சலேத்மேரிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். மெழுகுதிரியை நட்டுவிட்டு, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, ஒரு வருஷத்து அழுகையை அழுதாள். செசிலி வந்து கட்டிக்கொண்டாள். வடத்தைப் பற்றிச் சலேத்மேரி அன்று மாலைதான் சொன்னாள், ஆண்கள் போய் அதைக் கொட்டிலிலிருந்து தூக்கிவந்து கோயிலில் போட்டார்கள்.

அவள்தான் மீன்தலை போட்டு அந்த அடைமொழியைச் சம்மாட்டி பின்னால் போகப் பழக்கிவைத்தாள் என்று சந்தேகப்படுகிறவர்கள் இன்னாசியார்துறையில் இப்போதும் இருக்கிறார்கள், சந்தேகப்படாமல் அந்த ஊரால் சாப்பிட முடியாது. சம்மாட்டியின் பின்னால் இரண்டு வருகின்றன, பெரிய என்பது இளைத்துக்கொண்டே போகிறது. நெட்டையும் செவிட்டும் கஞ்சமும் அவரவர் ஆட்களின் பின்னால் நடக்கின்றன, புதிதாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் அதே பெயர்தான் வைக்கிறார்கள். கரையில் நின்று யாராவது இன்னாசி என்று மட்டும் சொன்னால் இப்போது பாதிக் கடற்கரை திரும்பிப் பார்ப்பதில்லை. யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிகிறது, எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள்.